மாடித்தோட்டத்துக்கு ஹோஸ் பைப்: சீக்கிரம் விறைக்காத, பிள்ளைகள் தொட்டாலும் பயமில்லாத டியூப் எது?

கீரைப்பாத்தி_திருச்சி:

எல்லாருக்கும் வணக்கம். ஹோஸ் பைப் மாத்தணும். வாங்குறதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுக்கலாம்னு எழுதுறேன்.

மொட்டை மாடியில 120 குரோ பேக். கீரை, கத்தரி, வெண்டை, தக்காளி, ஓரத்துல பந்தல்ல புடலையும் பாகலும். தண்ணி ஹெட்ரூம் மேல இருக்குற 1000 லிட்டர் டேங்க்ல இருந்து வருது. டேங்க் அடிப்பாகம் மாடித் தரையில இருந்து 9 அடி உயரம். மாடியில ஒரே டேப், அரை இஞ்ச். கடைசி பை 20 மீட்டர் தள்ளி இருக்கு.

இப்ப இருக்கிறது பச்சைக் கலர் ஒத்தை அடுக்கு டியூப், அரை இஞ்ச். டேப்ல மாட்டுற முனை பிளந்துக்கிட்டே இருக்கு, வெட்டி வெட்டி மாட்ட வேண்டியிருக்கு. வெயில் படுற நீளம் பூரா விறைச்சுப் போய், இழுத்தா மடிஞ்சு தண்ணி நின்னுடுது. மத்தியானம் திறந்தா வர்ற தண்ணி கொதிக்குது, பிளாஸ்டிக் வாடையும் அடிக்குது.

கடையில கேட்டா ஒருத்தர் மூணு அடுக்குங்கிறார், ஒருத்தர் ரப்பர்ங்கிறார், இன்னொருத்தர் எதைக் காட்டினாலும் ஃபுட் கிரேடுங்கிறார். பிள்ளைங்க விளையாடும்போது டியூப்ல வாய் வெச்சுக் குடிக்குதுங்க. கீழே கார்ப்பரேஷன் தண்ணி வரும்போது இதே டியூப்லதான் குடத்துலயும் பிடிக்கிறோம். எந்த அளவு, எந்தப் பொருள், எதைப் பார்த்து வாங்கணும்னு சொல்லுங்க.

---

பைப்லைன்_கோவை:

அக்கா, பொருளை அப்புறம் பார்ப்போம். உங்க இடத்துல முதல் பிரச்சினை டியூப் அளவு.

10 மீட்டர் உயரத்துல தண்ணி நின்னா சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். உங்க டேங்க் அடி 9 அடி, நீங்க டியூப் முனையைப் பிடிக்கிற உயரம் 3 அடி. அப்ப டேங்க் காலியாகுற நேரத்துல 6 அடி, நிறைஞ்சிருந்தா 9, 10 அடி. சராசரி இரண்டரை மீட்டர்னு வெச்சாலும் கால் கிலோ அழுத்தம்தான். கடைக்காரர் 15 கிலோ தாங்கும், 20 கிலோ தாங்கும்னு சொன்னா அது உங்களுக்குத் தேவையே இல்லாத பெருமை. உங்க டியூப் அழுத்தத்துல வெடிக்கப் போறதில்லை.

இவ்வளவு குறைஞ்ச அழுத்தத்துல தண்ணியோட பலம் முழுக்க டியூப் உள்சுவர் உரசல்லயே போயிடும். 20 மீட்டர் அரை இஞ்ச் டியூப்ல உங்களுக்கு நிமிஷத்துக்கு சுமார் 7 லிட்டர் வரும். அதே இடத்துல முக்கால் இஞ்ச் போட்டா 16ல இருந்து 18 லிட்டர். பைக்கு ஒன்றரை லிட்டர்னா 120 பைக்கு 180 லிட்டர். அரை இஞ்ச்ல 26 நிமிஷம் நிக்கணும், முக்கால்ல 10, 11 நிமிஷத்துல முடிஞ்சுடும். அதனால முக்கால் இஞ்ச் வாங்குங்க, அதாவது உள்விட்டம் 19 மி.மீ. சில கடையில வெளிவிட்டத்தை அளந்து முக்கால்னு கொடுப்பாங்க. ஒரு முக்கால் இஞ்ச் ஹோஸ் நிப்பிளை, அதாவது டியூப் மேல ஏறி உட்காருற குழல் முனையை, கையோட எடுத்துட்டுப் போங்க. அது இறுக்கமா உள்ளே போனா அளவு சரி, லொடலொடன்னு போனாலும் ஏறவே ஏறாட்டியும் வேணாம்.

டியூப்பை மட்டும் மாத்தி அரை இஞ்ச் டேப்பை அப்படியே விட்டா பாதிப் பலன்தான். டேப்பையும் முக்கால் இஞ்ச் பால் வால்வு டேப்பா (உள்ளே ஓட்டை போட்ட உருண்டை வெச்ச, கால் சுத்துல திறக்கிற டேப்) மாத்துங்க. திருகி மூடுற பழைய டேப்ல தண்ணி உள்ளே வளைஞ்சு நெளிஞ்சு வரும், பால் வால்வுல நேரா வரும். டக்குனு கழட்டி மாட்டுற பிளாஸ்டிக் கிளிக் கனெக்டரும் உங்களுக்கு ஆகாது. அரை இஞ்ச் அளவுல அதோட உள் ஓட்டை 9 மி.மீ. பக்கம்தான் இருக்கும், கழுத்தைப் பிடிச்ச மாதிரி ஆயிடும்.

துப்பாக்கி மாதிரி அமுக்குற ஸ்பிரே கன் ஒன்னு ரெண்டு கிலோ அழுத்தம் இருந்தாத்தான் ஒழுங்காப் பீய்ச்சும். கால் கிலோவுல சொட்டும். அகலமான பூவாளித் தலை மாட்டுங்க, கீரை சாயாம விழும்.

ஒரு கஷ்டத்தையும் சொல்லிடுறேன். முக்கால் இஞ்ச் பின்னல் டியூப் 20 மீட்டர் நாலரை, அஞ்சு கிலோ வரும். உள்ளே நிக்கிற தண்ணி மட்டும் இன்னொரு 5.7 லிட்டர். மொத்தம் 10 கிலோவுக்கு மேல. அதைப் பைகளுக்கு நடுவுல இழுத்துக்கிட்டு நடக்கணும். மூலையில இருக்குற பை சாயும், பந்தல் கால் ஆடும். அந்த மூலையில ஒரு அடிக் கம்பியோ குச்சியோ நட்டு டியூப்பை அதுல உரசித் திரும்ப விடுங்க.

---

பாலிமர்_குறிப்புகள்:

பொருளைப் பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நீங்கள் வைத்திருக்கும் பச்சை டியூப் வளையும் பி.வி.சி. பி.வி.சி. பிசின் தன்னளவில் கெட்டியானது, வீட்டு வெள்ளைப் பைப் மாதிரி. அதை வளைய வைக்க எண்ணெய் போன்ற மென்மையாக்கி ஒன்றைச் சேர்க்கிறார்கள். டியூபின் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அதுவாகவே இருக்கும். இந்த எண்ணெய் பிசினோடு வேதியியல் பிணைப்பு எதுவும் கொள்வதில்லை, இடையில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வெயிலில் கிடக்கக் கிடக்க மெல்ல வெளியேறுகிறது. மேல்பரப்பு முதலில் பிசுபிசுக்கும், பிறகு வெளிறும், பிறகு விறைக்கும். விறைத்த டியூப் வளைவதற்குப் பதிலாக ஒடிந்து மடிகிறது. ஒரு முறை மடிந்த இடம் அடுத்த முறையும் அங்கேயே மடிந்து, கடைசியில் அங்கேதான் கீறல் விழும்.

இந்த எண்ணெய்களில் மலிவானவை தாலேட் வகை. அவற்றில் சில உடலின் ஹார்மோன்களைக் குழப்புபவை, சிறு பிள்ளைகள் வாயில் வைக்கும் பொம்மைகளில் பல நாடுகள் தடை செய்தவை. அடுத்தது, உருக்கி வார்க்கும்போது பிசின் கருகாமலிருக்கச் சேர்க்கும் நிலைப்படுத்தி. பழைய முறையில் அது ஈய உப்பு, இப்போது நல்ல தயாரிப்பாளர்கள் கால்சியம்-துத்தநாகம் பயன்படுத்துகிறார்கள். பி.வி.சி. பைப்பிலும் இணைப்புகளிலும் ஈய நிலைப்படுத்தியை விலக்க மத்திய அரசு 2021ல் விதி கொண்டுவந்தது. அதில் பேச்சு கெட்டிப் பைப் பற்றியது. அந்த நம்பிக்கையைத் தோட்ட டியூபுக்கு நீட்டிக்க வேண்டாம். பழைய கேபிள் உறை போன்ற பி.வி.சி. கழிவை அரைத்து வார்த்த டியூபில் பழைய ஈயமும் கூடவே வந்துவிடும். குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மிகச் சிறிய அளவு அது. வெயிலில் மணிக்கணக்காக மட்டமான டியூபுக்குள் நின்ற நீர் அந்த எல்லைக்குள் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஆகவே மத்தியானம் வரும் சூடான, வாடையடிக்கும் நீரைத்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும். சூடு கூடக் கூட டியூபிலிருந்து பொருட்கள் நீரில் இறங்கும் வேகம் கூடுகிறது. அந்த நீர் ஒரு பிள்ளையின் தோலைப் புண்ணாக்கும் அளவுக்குச் சுடவும் செய்யும். இன்னொன்றும் உண்டு. 20 முதல் 45 டிகிரி வெப்பத்தில் தேங்கிய நீரில் லீஜனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். அதைக் குடிப்பதால் வரும் ஆபத்தைவிட, தூவலாகப் பறக்கும்போது மூச்சில் இழுப்பதால் வரும் ஆபத்து பெரிது; வயதானவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் கூடுதல். எனவே திறந்தவுடன் பூவாளித் தலையை மாட்டாமல், முனையைத் தாழ்த்தி ஒரு வாளிக்குள் பிடித்து, டியூபுக்குள் இருந்தது முழுக்க வெளியேறும்வரை விடுங்கள். உங்கள் 20 மீட்டர் முக்கால் இஞ்ச் டியூபுக்கு 6 லிட்டர், அரை வாளிக்குச் சற்றுக் குறைவு. கை வைத்துப் பார்த்துக் குளிர்ந்த நீர் வந்தபின் செடிக்குத் திருப்பலாம். வாளியில் பிடித்த அந்த 6 லிட்டரை ஆறவிட்டு, சாப்பாட்டுக்கு ஆகாத செடிகளுக்கு ஊற்றுங்கள். சூடான நீரைக் கீரை வேரில் விட்டால் வாடிவிடும்.

இனி வாங்க வேண்டியது. வெயிலில் கிடக்கும் தோட்டத்துக்கு என் முதல் தேர்வு ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். வெயிலும் காற்றின் ஓசோனும் அதைச் சுலபத்தில் தின்னாது, பல வருடம் வளைவு மாறாது. எடையும் விலையும் அதிகம், புதிதில் ரப்பர் வாடை அடிக்கும். குடிநீருக்கென்று அச்சிட்ட வகையாக இல்லாவிட்டால் அதிலும் குடிக்கக் கூடாது. சாதாரண இயற்கை ரப்பர் டியூப் வேறு. அது வெயிலில் மேல்பரப்பு முழுக்க மெல்லிய வெடிப்பு விடும், இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாற வேண்டாம்.

அடுத்தது மூன்று அடுக்கு பி.வி.சி.: உள் டியூப், நடுவில் பாலியஸ்டர் நூல் பின்னல், மேல் உறை. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். உங்களுக்குப் பின்னலின் பயன் அழுத்தம் தாங்குவதில் இல்லை. இழுக்கும்போது நீளாமல், மிதித்தாலும் உருண்டை வடிவத்துக்குத் திரும்ப அது உதவுகிறது. சுவர்த் தடிமன் முக்கால் இஞ்சுக்கு 2.5 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். உறை ஒளி புகாத நிறமாக இருக்கட்டும். கண்ணாடி போல் உள்ளே நூல் தெரியும் டியூப் பார்க்க அழகு, ஆனால் ஒளி போவதால் நாளடைவில் உள்சுவர் பாசி பிடித்துவிடும், அந்தப் பாசி பெயர்ந்து வந்து பூவாளித் துளைகளை அடைக்கும்.

பாலியூரித்தேன் லேசானது, கைக்குச் சுகம், மென்மையாக்கி எண்ணெய் தேவையில்லாதது. ஆனால் பாலியஸ்டர் வகைப் பாலியூரித்தேன் சூடும் ஈரமும் சேர்ந்தால் நாளடைவில் சிதைந்து ஒட்டும். தண்ணீருக்குப் பாலியீதர் வகைதான் கேட்டு வாங்க வேண்டும். தண்ணீர் விட்டால் மூன்று மடங்கு நீளும் துணி உறை டியூப்பை நம் வெயிலுக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். உள்ளே இருப்பது மெல்லிய லேடெக்ஸ் ரப்பர், வெப்பத்தில் சீக்கிரம் செத்துவிடும். உங்கள் கால் கிலோ அழுத்தத்தில் அது நீளவும் நீளாது.

கடையில் பார்க்க வேண்டியவை: ஓர் அடித் துண்டைக் கூர்மையாக மடித்துப் பாருங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் சுண்ணாம்புப் பொடி அதிகம் கலந்த சரக்கு. சுண்ணாம்புப் பொடி பிசினைவிட எடை கூடியது, அதனால் கிலோக்கணக்கில் விற்கும் கடையில் "கனமா இருக்கு பாருங்க" என்று காட்டுவதை நம்பாதீர்கள். பிறகு ஒரு சாண் அகலத்துக்கு வளையமாகச் சுற்றுங்கள். நல்ல பின்னல் டியூப் வட்டமாக நிற்கும், மட்டமானது நசுங்கும். வெட்டு முனையில் உள் டியூப் நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள். மெலிந்த பக்கம்தான் முதலில் பிளக்கும். உள்ளே விரல் விட்டால் வழவழப்பாக இருக்க வேண்டும், மணல் மாதிரி நெருடினால் அரைத்த கழிவு. மூக்கில் ஏறும் வாடை இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

---

பந்தல்_புடலை:

அக்கா, 20 மீட்டர் டியூப் வாங்கி இழுக்காதீங்க. கைப்பிடிச் சுவர் ஓரமா ஒரு இஞ்ச் பைப்லைன் ஒன்னு போட்டு 7, 8 மீட்டருக்கு ஒரு டேப் வெச்சா மூணு டேப்ல மாடி முடிஞ்சுடும். ஒவ்வொண்ணுக்கும் 5 மீட்டர் டியூப் போதும், இல்லைன்னா ஒரே 6 மீட்டர் டியூப்பை மாத்தி மாத்தி மாட்டிக்கலாம். சின்ன டியூப்னா சுருட்டி நிழல்ல வைக்கக் கை வரும். நீளமா இருந்தா சோம்பல்ல வெயில்லயே கிடக்கும். அதுவே பாதி ஆயுசைக் குடிச்சிடும்.

வெயில் படுற வெள்ளைப் பைப் மேல வெளிறி நொறுங்க ஆரம்பிக்கும். அதுக்கு மேல வெளிச் சுவர் பெயின்ட் ரெண்டு கை அடிச்சுவிடுங்க.

---

பைப்லைன்_கோவை:

புடலை சொல்றதுதான் எனக்கும் சரின்னு படுது. முதல்லயே நான் சொல்லியிருக்கணும். ஒரு இஞ்ச் லைன்ல உரசல் ரொம்பக் குறைவு, கடைசி டேப்லயும் தண்ணி கிட்டத்தட்ட முதல் டேப் மாதிரியே வரும். டேங்க்ல இருந்து இறங்குற லைனே அரை இஞ்ச்சா இருந்தா மட்டும் பலன் இருக்காது. டேங்க் வாயில இருந்தே ஒரு இஞ்ச்சா எடுங்க. லைன் கடைசியில ஒரு எண்ட் கேப் திருகு வெச்சு மூடுங்க, மாசம் ஒரு தடவை திறந்துவிட்டா டேங்க் சேறு வெளிய போயிடும்.

---

கீரைப்பாத்தி_திருச்சி:

ரொம்ப நன்றி. மூணு டேப் லைன் போடலாம்னு முடிவு. 6 மீட்டர் பின்னல் டியூப் ரெண்டு வாங்குறேன்.

இன்னும் ரெண்டு சந்தேகம். ஆன்லைன்ல வாங்கின பித்தளைக் கனெக்டர் ஒன்னு இருக்கு, முக்கால் இஞ்ச்னுதான் போட்டிருக்கு. நம்ம முக்கால் டேப்ல ரெண்டு சுத்து ஏறி அப்படியே நின்னுடுது. பிளம்பர், மரையில வெள்ளை டெஃப்லான் நாடா சுத்தி இறுக்குனா சரியாகும்ங்கிறார். அப்புறம், குடத்துல தண்ணி பிடிக்க என்ன வாங்குறது? கீழே போர்வெல் மோட்டார்ல இருந்து நேரா டியூப் மாட்டி வாசல் தெளிக்கிறதும் உண்டு, அதுக்கும் இதே டியூப் ஆகுமா?

---

பைப்லைன்_கோவை:

அதை இறுக்காதீங்க அக்கா. அது அமெரிக்கத் தோட்ட ஹோஸ் மரை. அவங்க முக்கால் இஞ்ச்ல இஞ்ச்சுக்கு பதினொன்றரை மரை, நம்ம ஊர் முக்கால் இஞ்ச் பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் பைப் தரம்) மரையில இஞ்ச்சுக்கு 14. விட்டம் கிட்டத்தட்ட ஒன்னா இருக்கிறதால ரெண்டு சுத்து பிடிக்கிற மாதிரி தோணும். அப்புறம் இறுக்கினா டேப் மரைதான் அழியும், எவ்வளவு டெஃப்லான் நாடா சுத்தினாலும் ஒழுகும். மரை மாத்துற அடாப்டர் கிடைக்கும். ஆனா அதுக்குச் செலவு பண்றதைவிட உள்ளூர்ல பி.எஸ்.பி. கனெக்டர் ஒன்னு வாங்கிடலாம். ஹோஸ் கனெக்டர்ல தண்ணியை நிறுத்துறது உள்ளே இருக்குற ரப்பர் வாஷர், மரை இல்ல. ஒழுகினா முதல்ல வாஷரை மாத்துங்க.

மாட்டுற விதத்தையும் சொல்லிடுறேன், உங்க பழைய டியூப் டேப் முனையில பிளந்ததுக்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கும். முனையைக் கத்தியால நேரா வெட்டுங்க, சாய்வா இருந்தா ஒரு பக்கம் பிடிக்காது. குடிக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் அதிகமான வெந்நீர்ல ஒரு நிமிஷம் முக்கினா இளகும். கிளிப்பை முதல்லயே டியூப்ல கோத்துட்டு, நிப்பிளோட அடிவரைக்கும் தள்ளுங்க. எண்ணெய், கிரீஸ் தடவக் கூடாது, அப்புறம் வழுக்கி வந்துடும். கிளிப்பை டியூப் முனையில இருந்து 5, 6 மி.மீ. உள்ளே தள்ளி வெச்சு இறுக்குங்க. விளிம்புலயே வெச்சா பட்டை வெட்டிடும். கட்டுக் கம்பி முறுக்கவே வேணாம், அது கத்தி மாதிரி உள்ளே இறங்கும். டியூப் கிளிப்புக்கு ரெண்டு பக்கமும் லேசாப் பிதுங்குற அளவு இறுக்கினா போதும். ஒரு நாள் கழிச்சு மறுபடி அரைச் சுத்து இறுக்குங்க, புது டியூப் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும்.

கிளிப் வாங்கும்போது பட்டையையும் திருகையும் தனித்தனியாப் பாருங்க. பட்டை ஸ்டெயின்லெஸ், திருகு சாதா இரும்பு, இப்படி நிறைய வருது. மழைக்காலம் முடியுறதுக்குள்ள திருகு துருப்பிடிச்சுக் கழட்ட முடியாம போயிடும். காந்தம் திருகைப் பட்டுனு இழுத்தா யோசிங்க. பட்டை லேசா ஒட்டினா பரவாயில்ல, ஸ்டெயின்லெஸ்லயும் வளைச்ச இடத்துல லேசாக் காந்தம் ஒட்டும்.

டேப்ல இருந்து டியூப் தொங்குற இடத்துலதான் எடை முழுக்க விழுது. அங்கே டியூப் மடியாம இருக்க ஒரு ஸ்பிரிங் காவல் மாட்டுங்க. இல்லைன்னா ரெண்டு அடி தள்ளி சுவத்துல ஒரு கொக்கி அடிச்சு டியூப்பை அதுல தாங்க விடுங்க. அலுமினியக் கனெக்டரைப் பித்தளை டேப்ல மாட்டி வருஷக்கணக்கா விட்டீங்கன்னா அலுமினியம் அரிச்சு ரெண்டும் ஒட்டிக்கும், ரம்பம் போட்டுத்தான் எடுக்கணும்.

---

கிணற்றடி_ஈரோடு:

போர்வெல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன், இங்கேதான் அழுத்தம் பெரிய விஷயம்.

டேங்கிலிருந்து வருவது கால் கிலோ என்று மேலே கணக்குப் போட்டாயிற்று. போருக்குள் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் மோட்டார் பல படி இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) வைத்தது. வெளியேறும் வழியை மூடினால் அழுத்தம் 5 கிலோவுக்கு மேலே சுலபமாகப் போகும், ஆழமான போருக்குப் போட்ட மோட்டாராக இருந்தால் 10 கிலோவும் தாண்டலாம். டியூப் முனையில் அடைக்கும் கன்னோ வால்வோ மாட்டி மோட்டார் ஓடும்போது மூடினால், டியூப் நிப்பிளிலிருந்து பிடுங்கிக்கொண்டு சாட்டையாக அடிக்கும். மோட்டாரும் தண்ணீர் ஓட்டம் இல்லாமல் சூடாகிப் போகும். அட்டையில் போட்டிருக்கும் அழுத்தம் 20 சொச்சம் டிகிரி வெப்பத்தில் அளந்தது. 50 டிகிரி சூடேறிய பி.வி.சி. டியூப் அதில் பாதிகூடத் தாங்காது. எனவே மோட்டார் லைனில் டியூப் மாட்டினால் முனை எப்போதும் திறந்தே இருக்கட்டும், மூடி வைக்க வேண்டுமென்றால் டேங்க் லைனைப் பயன்படுத்துங்கள். ஒற்றை அடுக்கு டியூப்பை மோட்டாரில் மாட்டவே வேண்டாம்.

அடுத்ததைப் பலரும் கவனிப்பதில்லை. ஜீவாமிர்தமோ பஞ்சகவ்யமோ பூச்சிமருந்தோ கலக்கும் டிரம்மில் டியூப் முனையை முக்கியபடி தண்ணீர் பிடிக்காதீர்கள். அந்த நேரத்தில் தண்ணீர் நின்றால் டிரம்மில் இருப்பது சைஃபன் ஆகித் திரும்பப் பைப்புக்குள் ஏறும். கார்ப்பரேஷன் லைனில் இது இன்னும் மோசம். சப்ளை நின்றதும் லைனில் அழுத்தம் போய் உள்ளிழுக்கும், உங்கள் டிரம்மில் இருந்தது தெருக் குழாய்க்குப் போகும். முனை எப்போதும் டிரம் விளிம்புக்கு இரண்டு இஞ்ச் மேலே நிற்கட்டும். ஒரு கொக்கியில் மாட்டிவிட்டால் கையால் பிடிக்கவும் வேண்டாம். டேப்பில் தண்ணீரைத் திரும்ப விடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் போடலாம், ஆனால் மண் சிக்கினால் அது மூடாது, அதனால் காற்று இடைவெளியையே நம்புங்கள்.

---

பாலிமர்_குறிப்புகள்:

குடிநீர்க் கேள்வி. தோட்ட டியூபில் குடம் பிடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தோட்ட டியூப்பாக இருந்தாலும் சரி.

குடத்துக்கு 2 அல்லது 3 மீட்டர் தனி டியூப் வாங்குங்கள். கடைக்காரர் வாயால் ஃபுட் கிரேடு என்றால் போதாது, டியூபின் மேலேயே அச்சு இருக்க வேண்டும். உணவு, மருந்து, குடிநீரில் படும் பி.வி.சி.க்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10151. பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும் முறை ஐ.எஸ். 9845, அதன் சோதனை அறிக்கையைத் தயாரிப்பாளர் இணையதளத்தில் போட்டிருந்தால் நல்லது. வெளிநாட்டுச் சரக்கில் குடிநீர்ப் பாகங்களுக்கான என்.எஸ்.எஃப். 61 குறி பாருங்கள். கலிஃபோர்னியாவின் புரொப்போசிஷன் 65 எச்சரிக்கை அச்சிட்ட டியூப் என்றால், அந்த மாநிலம் பட்டியலிட்ட நச்சுப் பொருள் ஏதோ அதில் இருக்கலாம் என்று விற்பவரே சொல்கிறார். அதைத் தோட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குடம் பிடிக்கும் இவ்வளவு சிறு நீளத்துக்கு பாலிஎதிலீன் டியூபும் நல்ல வழி. அதற்கு மென்மையாக்கி எண்ணெய் தேவைப்படாது, அதனால் சற்று விறைப்பாக இருக்கும். விற்பவர் சொல்வது உண்மையா என்று பார்க்க, விரல் நீளத் துண்டை நீரில் முழுக்க அமுக்கிக் காற்றுக் குமிழ் போன பின் விடுங்கள். பாலிஎதிலீன் மிதக்கும், பி.வி.சி. அடியில் போய்விடும்.

பித்தளை இணைப்பும் கவனிக்க வேண்டியது. கடைசல் எளிதாக வரட்டும் என்று சாதாரணப் பித்தளையில் 2, 3 சதவீதம் ஈயம் சேர்ப்பது வழக்கம். அமெரிக்காவில் 2014லிருந்து குடிநீர் பாகங்களில் ஈயமற்றது என்று சொல்ல, நீர் படும் பரப்பில் சராசரி 0.25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தோட்டத்துக்குச் சாதாரணப் பித்தளை போதும். குடத்து டியூபில் இணைப்பே வேண்டாம், டேப் மூக்கில் நேராகச் செருகி வேலை முடிந்ததும் கழற்றி, நீரை வடித்து, வீட்டுக்குள் கொக்கியில் தொங்கவிடுங்கள். தோட்ட டியூபோடு கலந்துவிடாதபடி வேறு நிறத்தில் வாங்குங்கள்.

பிள்ளைகள் வாய் வைப்பதற்கு, மாடி டேப் பக்கத்தில் ஒரு மண்பானையும் டம்ளரும் வைப்பதுதான் சுலபமான வழி. தாகத்துக்குத்தான் டியூபைத் தேடுகிறார்கள்.

---

பந்தல்_புடலை:

வேலை முடிஞ்சதும் டேப்பை மூடிட்டு, பூவாளித் தலையைக் கழட்டித் தண்ணியை முழுக்க வடிச்சிடுங்க அக்கா. அழுத்தம் கூடின லைன்ல முனையை மூடி டேப்பைத் திறந்து விட்டுட்டுப் போனா ராத்திரி பூரா டியூப் உப்பிக்கிட்டே இருக்கும், மெலிஞ்ச இடத்துல முட்டை மாதிரி வீங்கும். சுத்தும்போது ஒரே பக்கமா முழங்கையில சுத்தினா முறுக்கு விழும். தரையில அகலமா ரெண்டு அடி வட்டம் போட்டு, ஒரு சுத்து மேல வர்ற மாதிரி, அடுத்த சுத்து அடியில வர்ற மாதிரி மாத்தி மாத்திப் போடுங்க. ஆணியில தொங்கவிடாதீங்க, தொங்குற இடம் நசுங்கும். பழைய பெயின்ட் வாளியைச் சுவத்துல கவுத்த மாதிரி திருகி, அது மேல சுத்தி வைக்கலாம்.

அணில், எலி தொல்லை இருந்தா டியூப்பைத் தரையில விடாதீங்க, வெயில் காலத்துல தண்ணிக்காகக் கடிச்சு ஓட்டை போடும். பக்கத்துல ஒரு தட்டுல தண்ணி வெச்சா கடிக்கிறது குறையும்.

---

கீரைப்பாத்தி_திருச்சி:

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒன்னு, இந்தப் பழைய விறைச்ச டியூப்பை என்ன பண்றது? குப்பையோட கொளுத்தலாமா?

---

பாலிமர்_குறிப்புகள்:

கொளுத்தவே கூடாது. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். திறந்தவெளித் தீயில் டயாக்சின் என்ற நச்சும் உண்டாகும், அது மண்ணிலும் கீரை இலையிலும் படியும். நன்றாக இருக்கும் பகுதியை 10 செ.மீ. துண்டுகளாக வெட்டி நீளவாக்கில் கீறுங்கள். பந்தல் கம்பி மரத்தில் உரசும் இடத்தில் உறையாக மாட்டலாம். வாளிக் கைப்பிடியிலும் மாட்டலாம். குரோ பேக்குக்குள் புதைக்க வேண்டாம். மிச்சத்தை மக்காத குப்பையில் தனியாகக் கட்டிக் கொடுங்கள். பழைய பிளாஸ்டிக் வாங்கும் கடையில் கொடுத்தால் பி.வி.சி. என்று சொல்லிக் கொடுங்கள், குடம் பக்கெட்டோடு கலந்து உருக்கினால் அந்தச் சரக்கும் கெட்டுவிடும்.